என் மனுசனுக்கு ஒரு ராச மேடு

செத்தவனுக்கு மலை கட்டினவர்கள் மீது எனக்கு ஒருநாளும் மதிப்பு இருந்ததில்லை. உயிரோடு இருந்தபோது ஊரைக் காயப்போட்டவன், போகிற போக்கிலும் ஊரைக் கல் சுமக்க வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அதைப் பார்க்க நாங்கள் கோச் பிடித்துப் போய், குனிந்து நுழைந்து, தலையில் இடித்துக்கொண்டு வருகிறோம். இதை என் மனுசனின் அண்ணருக்குச் சொன்னால் விளங்காது. அவரை நான் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். அந்தக் கூப்பிடுகிற மரியாதையைத் தவிர முப்பது வருசமாக அவரிடம் எனக்கு வேறு மரியாதை இருக்கவில்லை. ஒளிக்க என்ன இருக்கிறது, அது அவருக்கும் தெரியும்.

பெரியத்தான் லண்டனின் தெற்கு ஓரத்தில், சட்டனில் இருக்கிறார். அங்கே ஒரு முதியோர் சங்கம் இருக்கிறது, அதற்கு அவர்தான் தலைவர். தலைவராக இல்லாத சங்கத்தில் அவர் சேருவதில்லை. மூன்று வருசத்துக்கு முன்னால் அந்தச் சங்கம் ஒரு கோடைகாலச் சுற்றுலா வைத்தது. மற்றச் சங்கங்கள் கடற்கரைக்குப் போகும், கோயிலுக்குப் போகும். இவர் எங்களைக் கூட்டிக்கொண்டு போனது ஒரு புதைமேட்டுக்கு. லண்டனில் இருந்து மூன்று மணித்தியால ஓட்டம். மடியில் இடியப்பப் பார்சல், காதில் அவருடைய மைக். ஐயாயிரம் வருசத்துக்கு முந்தின அரசனின் சமாதி என்று வழி முழுக்க முழங்கிக்கொண்டே வந்தார்.

போய்ப் பார்த்தால் ஒரு புல் மேடு. கவிழ்த்துப் போட்ட வள்ளம் மாதிரி நீளமாக, ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழ்ந்து கிடந்தது. உயர்ந்த பக்கத்தில் இரண்டு கல்லை நிறுத்தி, மேலே ஒரு கல்லைப் போட்டு வாசல் செய்திருந்தார்கள். ஊர்ச்சனம் அதை ராசாவின் மேடு என்றுதான் சொல்லுமாம். கூட்டிக்கொண்டு போய்க் காட்டிய வெள்ளைக்காரப் பெண், அரசனா, குலத்தலைவனா, வெறும் பணக்காரனா என்று யாருக்கும் தெரியாது என்றாள். "ராசாதான், பார்த்தால் தெரியேல்லையோ" என்று பெரியத்தான் அவளுக்கே விளங்கப்படுத்தினார், அதுவும் தமிழில்.

அந்த ராசாவின் பெயர் என்ன என்று கேட்டேன். தெரியாது என்றாள். கல் சுமந்தவர்கள் யார் என்று கேட்டேன். அதுவும் தெரியாது. இவ்வளவு கல்லை அடுக்கியும் பெயர் மிஞ்சவில்லையென்றால் எதற்கு இந்தப் பாடு என்று நான் கேட்டதை, துணைக்கு வந்த மகள் மொழிபெயர்க்க மாட்டேன் என்றுவிட்டாள்.

ஆனால் கட்டினவனைக் குறை சொல்ல மாட்டேன். உள்ளே போகிற வழி மிகத் தாழ்வு, எப்பேர்ப்பட்டவனும் குனிந்துதான் போகவேண்டும். வழியின் இரண்டு பக்கமும் சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஆள் சுருண்டு படுக்கலாம். கூரைதான் விசயம். சுண்ணாம்பு இல்லை, சீமெந்து இல்லை. கல்லை ஒரு வரிசை அடுக்கி, அடுத்த வரிசையைக் கொஞ்சம் உள்ளே தள்ளி அடுக்கி, அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி, கடைசியில் ஒரே ஒரு தட்டைக் கல்லால் மூடிவிட்டார்கள். மேலே இருக்கிற மண்ணின் பாரம்தான் கீழே இருக்கிற கல்லை அசையாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. கல்லை வெளிப்பக்கம் சரித்து வைத்ததால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்குவதில்லை. பெரியத்தான் சட்டனில் கூரைக்குள் போட்ட லொப்ட் அறை இரண்டாம் வருசமே ஒழுகியது. வருசத்தில் மிகக் குறுகிய பகல் உள்ள நாளில், விடிகிறபோது வருகிற வெயில் வாசலால் நுழைந்து, வழி முழுக்க ஓடி, கடைசிச் சுவரைத் தொடுமாம். அதற்காகவே வாசலை அந்தத் திசையில் வைத்தார்களாம்.

என் மனுசன் ஒரு அறைக்குள் போய்க் கல்லில் குந்திக்கொண்டார். எல்லோரும் வெளியே வந்து இடியப்பம் பிரித்தாயிற்று, இவரைக் காணவில்லை. நான் திரும்பப் போய், "செத்தவன் கிடந்த இடத்திலை உங்களுக்கு என்ன இருப்பு, எழும்புங்கோ" என்றேன். "இஞ்சை நல்ல அமைதியாக் கிடக்கு" என்றார். நான் வாய் திறந்த பிறகுதான் அமைதி குலைந்தது என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லுகிற ஆள் அவர் இல்லை. ஹவுன்ஸ்லோவில் இருந்து விமான நிலையத்துக்கு இருபத்தாறு வருசம் ஷிப்டுக்குப் போய், ஊர் உலகத்தின் பெட்டியெல்லாம் தூக்கிப் போட்டவர். யார் எதைக் கேட்டாலும் "ஓம்" என்பார். இரண்டு பேர் ஒன்றுக்கொன்று மாறாகக் கேட்டால் இரண்டு பேருக்கும் ஓம். நான் பேசுவதற்கென்றே செய்துவைத்த மனிதர்.

அந்தச் சுற்றுலாவோடு பெரியத்தானுக்கு மேட்டு விசர் பிடித்தது. லண்டன் முடிகிற இடத்தில், சட்டனுக்கும் அப்பால் சுண்ணாம்பு மேடுகள் தொடங்குகிற பக்கம், யாரோ ஒரு வெள்ளைக்காரர் பழைய மாதிரியே புதிதாக ஒரு புதைமேடு கட்டிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தார். அதே தாழ்ந்த வழி, அதே அடுக்குக் கூரை, அதே திசை. அறைகளுக்குள் சுவர் முழுக்க விளக்கு மாடம் மாதிரிச் சின்ன மாடங்கள். மாடத்துக்கு ஒரு சாம்பல் சாடி. பெரியத்தான் தனக்கென்று ஒரு மாடம் எழுதிவைத்துவிட்டு வந்து, "நாங்கள் ராச பரம்பரை பிள்ளை, எங்களுக்கு இதுதான் பொருத்தம்" என்றார். இவர்களுடைய பாட்டனார் ஊர் அதிகாரியான விதானையாருக்குக் குடை பிடித்துக்கொண்டு போனவர். ராச பரம்பரைக்கும் இவர்களுக்கும் அந்தக் குடையின் நீளம் தூரம். இந்த விசயத்தில் நான் இன்றுவரை இறங்கவில்லை.

போன வருசம் என் மனுசனுக்கு ஈரலில் வருத்தம் கண்டது. தை மாதம் டொக்டர்கள் சொன்னார்கள், ஆவணியில் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமை நான் அவரிடம் நேரடியாகவே கேட்டேன். சாம்பலைத் தண்ணீரில் விடுவதுதானே எங்கள் வழக்கம், கோலியர்ஸ் வுட்டில் நாங்கள் முதன்முதல் அறை எடுத்து இருந்த வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற ஆற்றில் விடட்டோ, அது தேம்ஸில் போய் விழும், பிறகு கடல்தானே என்று. "ஓம்" என்றார். எனக்கு அது காணும். அதுதான் அவருடைய கடைசி விருப்பம் என்று மனதில் எழுதிக்கொண்டேன்.

செத்தவீடு முடிந்த மூன்றாம் நாள் பெரியத்தான் வந்து என் வீட்டு செற்றியில் இருந்துகொண்டு, தம்பிக்குத் தன்னுடைய மாடத்துக்குப் பக்கத்து மாடத்தை எடுத்துவிட்டதாகச் சொன்னார். எடுத்துவிட்டாராம். கேட்கவில்லை, எடுத்துவிட்டார். நான் அன்றைக்குப் பேசியதை இங்கே எழுத முடியாது. அவர் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மாடம் எழுதியாச்சு பிள்ளை" என்று மட்டும் சொல்லிப் போனார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கும் நடந்தது. ஆத்துமா கரையேறியது, சாம்பல் மட்டும் ஏறவில்லை. சாம்பலைக் கல்லுக்குள் வைக்கலாமோ என்று ஐயரைக் கேட்டேன். அவர் பெரியத்தானின் முகத்தைப் பார்த்துவிட்டு, "அது உங்கட குடும்ப விருப்பம்" என்று நழுவினார். ஐயருக்கும் அடுத்த அந்தியேட்டி வேண்டும்தானே. நாலு மாசம் பச்சைப் பிளாஸ்டிக் சாடி என் படுக்கை அறை அலுமாரிக்குள் இருந்தது. ஆரும் செய்யாத வேலை. ரெலிபோன் எடுக்கிறபோதெல்லாம் நான் பெரியத்தானைப் பேசினேன். உங்களுக்குப் பக்கத்தில் ஒரு எடுபிடி வேண்டும், அதற்குத்தானே இவரை வைக்கிறீர்கள் என்றேன். இவருடைய வாழ்நாள் முழுக்க ஏறிச் சவாரி செய்தது காணாதோ என்றேன். மனிதர் போனை வைக்கவும் மாட்டார், பதில் சொல்லவும் மாட்டார். அது எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. கடைசியில் மகள்தான், "அம்மா, ப்ளீஸ், பெரியப்பாவோட சண்டை வேண்டாம், லெட் இட் கோ" என்று அழுது என்னைச் சம்மதிக்க வைத்தாள். சம்மதம் வாயில்தான், மனதில் இல்லை.

மார்கழியில் அந்தக் குறுகிய பகல் நாளில் வைப்பதாக முடிவாகியது. வெயில் வழிக்குள் ஓடுகிற நேரத்தில் சாடியை மாடத்தில் வைக்கவேண்டும் என்பது பெரியத்தானின் ஏற்பாடு. அவருடைய குசினியில் யாழ்ப்பாணத்தில் அச்சடித்த கலண்டர் ஒன்று தொங்கும். நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், சூரிய உதயம், எல்லாம் அவருக்கு அந்தத் தாளில்தான். வருசா வருசம் யாராவது பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதைப் பார்த்து வட்ஸ்அப் குழுவில் போட்டார்: சூரிய உதயம் காலை ஆறு இருபது, அனைவரும் ஆறு மணிக்கு மேட்டடியில் நிற்க வேண்டும்.

லண்டனில் மார்கழியில் எட்டு மணிக்கு முதல் சூரியன் எழும்பாது என்று நேர்சரிக்குப் போகிற பிள்ளைக்கும் தெரியும். இருட்டில் எழும்பி இருட்டில் வேலைக்குப் போகிற சனம் நாங்கள். அவருக்கும் தெரியாமல் இல்லை. ஆனால் கலண்டரில் அச்சாகி வந்துவிட்டால் சூரியனே அதைக் கேட்டு நடக்கும் என்று நினைக்கிற ஆள். குழுவில் பதினேழு பேர், பதினேழு பேரும் கைகூப்புகிற படம் போட்டார்கள். அந்தக் குடும்பத்தில் அண்ணை சொன்னது பிழை என்று சொல்ல ஒருவருக்கும் வாய் கிடையாது. நானும் கைகூப்பினேன். வேண்டுமென்றே கூப்பினேன். எல்லோருக்கும் முன்னால் அந்த மனிதரின் முகம் கறுக்கிறதை ஒருதரம் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

பார்த்தேன். ஆறு மணிக்கு நாலு கார், பதினாறு பேர், கும்மிருட்டு. புல்லெல்லாம் பனி உறைந்து காலடியில் நொறுங்கியது. மேட்டைப் பார்த்துக்கொள்கிற வெள்ளைக்காரர் லாம்பு ஒன்றோடு படலையைத் திறந்தார். ஆறு இருபதுக்குப் பெரியத்தான் கிழக்கே பார்த்துக் கும்பிட்டபடி நின்றார். ஆறரைக்கும் நின்றார். வெள்ளைக்காரர் மெல்லக் கிட்டே வந்து, "சூரியன் எட்டு மணிக்குப் பிறகுதான் வரும் ஐயா, நீங்கள் நேரத்தோடு வந்து பிரார்த்தனை செய்யப்போகிறீர்கள் என்று நினைத்தேன்" என்றார். மகள் அதைச் சத்தமாகவே தமிழில் சொன்னாள். யாரோ ஒருவர் இருமினார். பெரியத்தான் சட்டைப்பையில் இருந்து கலண்டர் தாளை எடுத்து லாம்பு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தாளின் மேலேயே யாழ்ப்பாணம் என்று போட்டிருந்தது. எழுத்தே இல்லாமல் இருந்த சனம் இரண்டு கல்லை நட்டுச் சரியாகப் பிடித்த நேரத்தை, சட்டன் சங்கத் தலைவர் கலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு பிழைவிட்டார். எனக்கு வயிறு குளிர்ந்தது.

சந்தோசம் அஞ்சு நிமிசம்தான், பிறகு குளிர் ஏறியது. இளசுகள் எல்லாம் தேத்தண்ணி தேடி இரண்டு காரில் போய்விட்டார்கள், மகளும் போனாள். மற்றவர்கள் மூன்றாவது காருக்குள் நெருங்கி ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள். எனக்குப் பெரியத்தானின் கார்தான் மிச்சம். அவர் முன்னுக்கு, நான் பக்கத்தில், சாடி என் மடியில். ஹீற்றர் போட்டார். மேட்டின் கூரை அடுக்கைப் பற்றித் தொடங்கினார். மேலே இருக்கிற பாரம்தான் கீழே இருக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறது பிள்ளை, அதுதான் அதின்ரை நுட்பம் என்று.

"காணும் பெரியத்தான்" என்றேன். "நான் இவரைக் கொண்டு போறன்."

"எங்கை?"

"கோலியர்ஸ் வுட் ஆத்துக்கு. ரோட்டாலை நடந்து போனால் பஸ் வரும்."

"இந்தக் குளிரிலையோ பிள்ளை?"

"குளிர் எனக்கு, உங்களுக்கென்ன? சூரியன் எத்தினை மணிக்கு வருமெண்டு தெரியாத ஆளுக்கு என்ரை மனுசன் எங்கை இருக்கவேணுமெண்டு மட்டும் தெரியுமோ? முப்பது வருசம் உங்கடை பவுசுக்குத் தலையாட்டின மனுசன். செத்தும் உங்கடை கொலுவிலை காவல்காரனா நிக்க ஏலாது. ராசா எண்டால் நீங்களே தனியப் போய்ப் படுங்கோ."

கார்க் கதவில் கை வைத்துவிட்டேன். அப்போதுதான் அவர் என் முழங்கையைப் பிடித்தார். இத்தனை வருசத்தில் அவர் என்னைத் தொட்டதே இல்லை. "இரும் பிள்ளை" என்றார். மற்றக் கையால் போனை எடுத்தார். இரண்டு மூன்று தரம் பிழையான இடத்தில் அமத்தினார். பிறகு போனில் பதிந்துகிடந்த என் மனுசனின் குரல் கேட்டது.

"அண்ணை, நான்தான். இவ தேத்தண்ணி எடுக்கக் கீழை போயிட்டா, அதுக்கிடையிலை சொல்லிப்போடுறன். உங்கடை மாடத்துக்குப் பக்கத்திலை எனக்கும் ஒண்டு எழுதுங்கோ. நான் கேட்டதெண்டு இவவுக்குச் சொல்லாதேங்கோ. நீங்கள் பிடிவாதமா நிண்டதெண்டு இருக்கட்டும். உங்களுக்குத்தான் பேச்சு விழும், குறை நினையாதேங்கோ. தண்ணியிலை விட்டால் ஒரு நாளோடை முடிஞ்சிடும் அண்ணை. பிறகு இவ ஆரைப் பேசுறது? மகளைப் பேசினால் அவள் போனை வைச்சிட்டுப் போயிடுவாள். ஒரு இடம் எண்டு இருந்தால் நினைச்ச நேரம் வந்து இருந்து பேசிப்போட்டுப் போவா. வாறா போலை கிடக்கு, வைக்கிறன்."

பின்னால் அந்த ஆஸ்பத்திரி வார்ட்டின் மெசின் சத்தம். கடைசியில் என் செருப்புச் சத்தம் கூடக் கேட்டது.

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். செத்தும் கெடுத்தான் என்பார்களே, இதுதான். எனக்கு முகத்துக்கு நேரே ஓம் சொல்லிவிட்டு, நான் வாங்கி வந்த தேத்தண்ணியையும் குடித்துவிட்டு, எனக்குத் தெரியாமல் அண்ணரோடு சேர்ந்து அலுவல் பார்த்திருக்கிறார். அந்தத் தேத்தண்ணியும் சும்மா கிடைக்கவில்லை, லிப்ட் வேலை செய்யாமல் நாலு மாடி ஏறிக் கொண்டுவந்தது. இன்னொருதரம் போடச் சொன்னேன். பெரியத்தான் போட்டார். இரண்டாம் தரம்தான் அழுகை வந்தது.

"நாலு மாசமா நான் பேசின பேச்செல்லாம்?" என்று கேட்டேன்.

"கேட்டுக்கொண்டுதானே இருந்தனான்" என்றார்.

"ஒருக்கா வாய் திறந்திருக்கலாமே."

"அவன் சொல்லவேண்டாமெண்டவன் பிள்ளை. ஒண்டுமே கேக்காதவன் ஒண்டு கேட்டான்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீர் பேசினதிலையும் முக்கால்வாசி சரிதானே."

முக்கால்வாசி என்று அவர் கணக்குப் போட்டதில் கூட எனக்கு ஒரு சின்ன எரிச்சல் வந்தது. மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று தெரிந்தது. வாய் பழகவில்லை, வரவில்லை. ஹீற்றரைக் குறையுங்கோ, உங்களுக்கு மூச்சு முட்டும் என்று மட்டும் சொன்னேன். அவர் குறைத்தார்.

எட்டு மணி தாண்டியது. தேத்தண்ணிக்குப் போனவர்கள் திரும்பி வந்து மேட்டு வாசலில் வரிசையாக நின்றார்கள். சூரியன் வரவில்லை. வானம் முழுக்க லண்டன் மார்கழி முகில், பாத்திரம் கழுவின தண்ணி நிறம். இருட்டு மெல்லச் சாம்பலாக வெளிறியது, அவ்வளவுதான் அன்றைய உதயம். முதலில் பெரியத்தான் சாடியைக் கொண்டு உள்ளே போவது, பின்னால் ஆண்கள், பிறகு நாங்கள் என்றுதான் ஏற்பாடு. அவர் வாசலில் ஒதுங்கி, "நீர் போம் பிள்ளை. நாங்கள் வெளியிலை நிக்கிறம்" என்றார். மற்ற எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

குனிந்துதான் போனேன். எனக்கும் வேறு வழியில்லை. சாடியை நெஞ்சோடு அணைத்து, போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு கல்லாகப் பார்த்து நடந்தேன். இரண்டாவது அறையில் இடுப்பு உயரத்தில் அண்ணருக்கும் தம்பிக்கும் எழுதிவைத்த இரண்டு மாடங்கள், இரண்டும் வெறுமை. சரியாக எது என்று கேட்டுக்கொள்ளவில்லை. வலது பக்கத்தில் வைத்தேன். வைத்த பிறகும் கையை எடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அறைக்குள் காற்று இல்லை, வெளியை விடச் சூடு. எதிரே குந்துவதற்கு ஒரு கல் போட்டிருந்தார்கள். குந்தினேன்.

வெளியே தேவாரம் தொடங்குவதற்காக யாரோ தொண்டையைச் செருமினார்கள். மகள் வாசலில் குனிந்து எட்டிப் பார்ப்பது தெரிந்தது.

"அம்மா, முடிஞ்சுதா?"

"இல்லை" என்றேன். "இன்னும் தொடங்கேல்லை. நீங்கள் எல்லாரும் போய்க் காருக்குள்ளை இருங்கோ."